ரென்சோ சேர்த்த ஐந்து ஸ்வரங்கள்

வேல்ஸ் மலைச்சரிவில் சேப்பல் தெருவுக்குள் டெடால்டி குடும்பத்தின் ஐஸ்கிரீம் வண்டி திரும்பியபோது மணி ஆறு நாற்பது. ஏழு மணிக்கு மேல் வண்டியில் பாட்டு போடக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். வண்டியை ஓட்டி வந்த லொரெடானாவுக்கு இருந்தது இருபதே நிமிடம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, இத்தாலியிலிருந்து வந்து ஐஸ்கிரீம் விற்கும் குடும்பங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. ஒரு வண்டி தன் தெருவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து விற்காவிட்டால் தெரு அடுத்த குடும்பத்துக்கு. வந்து நின்றால் போதாது, ஒரு கோனாவது விற்க வேண்டும். லொரெடானாவின் அப்பா இதே சட்டத்தைச் சொல்லித்தான் ரூஃபோலி குடும்பத்திடமிருந்து ரயிலடித் தெருவைப் பிடுங்கினார். அதனால் இப்போது நியாயம் பேச அவளுக்கு வாயில்லை.

போன இரண்டு ஞாயிறும் வண்டி வரவில்லை, இது மூன்றாவது. தெருக்கோடியில் ஆல்டோ ரூஃபோலி தன் வண்டியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாதி வியாபாரம் இந்த ஒரு தெருவில்தான். இது போனால், அப்பா வாங்கிய அறுபது வருஷத்து வண்டியை விற்றுவிட்டு அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

எல்லாம் தம்பி ரென்சோவின் வேலை. கிளட்ச் போய்விட்டது என்று வண்டியை அவன் பட்டறையில் விட்டாள். கிளட்ச் நாலு நாளில் முடிந்துவிட்டது. மீதி நாளெல்லாம் ஐயா பாட்டுப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சுழலும் உருளையில் கடைசி ஐந்து முட்கள் என்றோ முறிந்துபோனவை. பாட்டு மேலே ஏறிக்கொண்டே போய், முடிகிற நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்த ஐந்து முட்களையும் ஒவ்வொன்றாக ராவிப் பொருத்தியிருக்கிறான், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"போடுக்கா. முழுசாக் கேளு," என்றான், பக்கத்தில் உட்கார்ந்து.

போட்டாள். பாட்டு ஏறியது, இறங்கியது, அழகாக முடிந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

ஞாயிறு மாலை அந்தத் தெருவில் எல்லாரும் பின்கட்டுச் சமையலறையில்தான் இருப்பார்கள். வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைக் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். ரெண்டு நிமிடம் விட்டு மறுபடியும் போட்டாள். பூனை ஒன்று மதிலிலிருந்து குதித்துப் போனது. அவ்வளவுதான்.

"மூணு வாரத்துல மறந்துட்டாங்களா? என்ன ஜனம்டா இது," என்றாள்.

"நான் போய் ரெண்டு கதவைத் தட்டிட்டு வரட்டா?"

"தட்டி வித்தா கணக்குல சேராது. அந்தாளு வேற பாத்துக்கிட்டே நிக்கிறாரு. நீ பேசாம உக்காரு. கிளட்ச மாட்டுடான்னா சங்கீதக் கச்சேரி பண்ணிட்டு வந்திருக்க."

ரென்சோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஆல்டோ மெல்ல நடந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"வருத்தப்படாதம்மா. ரயிலடித் தெரு போனப்ப எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடல. ஆனா சட்டம்னா சட்டம்தான்."

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, ஆல்டோண்ணே."

"இருக்கட்டும், யாரு இல்லேன்னா." பாட்டுப்பெட்டியை எட்டிப் பார்த்தார். "தம்பி கைவேலை பிரமாதம். நம்ம அப்பாங்க ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கின பெட்டி. இப்பத்தான் உன் வண்டியும் என் வண்டி மாதிரியே பாடுது."

லொரெடானா அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

சுவிட்சில் விரலை வைத்துப் பாட்டைப் போட்டாள். ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஐந்து ஸ்வரம் மீதி இருக்கும்போது சட்டென்று அணைத்தாள்.

ஒரு கதவு திறந்தது. எதிர்வீட்டில் இன்னொன்று. பிறகு தெரு நெடுக. ப்ராசர் அம்மா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே, வீட்டுச் செருப்போடு முதலில் வந்து சேர்ந்தாள்.

"வந்துட்டியா கண்ணு. இவ்வளவு நேரமா அந்த ரூஃபோலி வந்து திரும்பத் திரும்பப் பாட்டு போட்டுக்கிட்டே இருந்தான். எங்க தெருவுல ஒரு ஈ காக்கா வெளிய வரலியே. மூணு வாரமா யாரும் ஐஸ்கிரீமே வாயில வெக்கல, தெரியுமா?" அப்போதுதான் ஆல்டோ கண்ணில் பட்டார். "உம்மத்தான்யா சொல்றேன்."

ஆல்டோ கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பத்தாறு. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ப்ராசர் அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

லொரெடானாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோனை எடுக்கத் திரும்பினாள். ரென்சோ அதை அவள் கையில் வைத்தான். அவன் முகம் தொங்கிக் கிடந்தது.

"டேய், பாட்டு அழகாத்தான்டா இருந்துச்சு," என்றாள்.

"தெரியும்," என்றான் ரென்சோ. "அந்த அஞ்சு முள்ளையும் நாளைக்கு நானே ஒடச்சிடறேன்."