இல்லீகல் ஆப்பரேஷன்

கூடத்தில் ஆதிமூலத்தைக் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றிய கையோடு, கமலவேணி உள்ளறைக்கு ஓடி, கம்ப்யூட்டர்மேல் பழைய போர்வையை இழுத்து மூடினாள். கட்டின புருஷன் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்து நின்றது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அமுதவல்லி வாங்கி அனுப்பிய பெட்டி அது. மகளுக்குக் கடிதம் தட்டப் பழகிக்கொண்டிருந்தவர், முந்தாநாள் அலறாத குறையாகக் கமலவேணியைக் கூப்பிட்டார். திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு கட்டம்.

"இல்லீகல் ஆப்பரேஷன்னு போட்டிருக்கான்டி. இல்லீகல்னா சட்டவிரோதம். மூடப்போறானாம்."

"யாரு மூடப்போறான்? எத மூடப்போறான்?"

"அதான் தெரியல. யார் கேட்டாலும் நான் தொடவேயில்லன்னு சொல்லிடு. பொண்ணுகிட்டயும் மூச்சு விடாத."

முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். இருட்டினால் விளக்கில்லாமல் சைக்கிள்கூட ஏறாத மனுஷன். எழுத்தில் வந்துவிட்டால் அவருக்கு வேதவாக்கு. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ரெட்டியார்பாளையத்துத் தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஜன்னலை விட்டு ஒதுங்கினார். இன்று காலை பல் விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவேயில்லை.

இப்போது வாசலில் போலீஸின் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

உடம்பையாவது விடுவார்களா? ஊர் பார்க்க, குற்றவாளி என்று சொல்லித் தூக்கிப் போவார்களா? கமலவேணி உள்ளறை வாசலை மறித்து நின்றாள்.

வந்தவன் அடுத்த தெரு கான்ஸ்டபிள் ராஜவேல். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாலையைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தான்.

"என்ன பெரிம்மா, திடீர்னு இப்பிடி?"

"அவர ஒன்னும் பண்ணிடாத ராஜவேலு. அவரு வேணும்னு பண்ணல, தெரியாம தொட்டுட்டாரு." போர்வையை விலக்கிக் காட்டி, அந்த இரண்டு வார்த்தையையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

ராஜவேல் குரலைத் தாழ்த்தினான்.

"பெரிம்மா... அது சும்மா வர்றது. எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயே தெனம் நாலு வாட்டி வருது. மிஷினுதான் தப்பு பண்ணிடுச்சுன்னு அர்த்தம், ஆளு இல்ல. க்ளோஸ்னு இருக்கும், அமுக்குனா போயிடும்."

அவள் கூடத்துக்குப் போனாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் விலகி இடம் விட்டார்கள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவர் காதிலிருந்து மெல்ல ஒதுக்கிக் குனிந்தாள்.

"ஒன்னுமில்லியாம்," என்றாள். "அமுக்குனா போயிடுமாம்."