குழிக்குள் சிரிக்கும் பொம்மை

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. கேட்டு வாங்கப்பட்டது. மைசூரில் ஒரு பழைய கார் ஷோரூமைப் புதுப்பித்து, பழங்கால கார்களுக்கான மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். அதன் மேனேஜர் வைஷாலி, "சுவத்துல மாட்ட ஒரு கதை வேணும் சார். ஸ்வல்ப... கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றாள்.

தொடக்கம் ஒன்று: 'அந்நாளில் மைசூர் வீதிகளில் கார்கள் அன்னம்போல...'

சீ! அடித்துவிட்டேன்.

2

தொடக்கம் இரண்டு. அந்த ஷோரூமின் மெக்கானிக் எலியேசர், ஓர் ஆயுதபூஜையன்று, ஒரு காரின் ஸ்டீயரிங் ராடைக் கழற்றிப்போட்டு, அதன் அடியில் சர்வீஸ் குழிக்குள் வேலையாக இருந்தார். மேலே மேளம். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்க வண்டியை நகர்த்த வேண்டுமே! முதலாளியே ஏறி ஸ்டார்ட் செய்தார். குழிக்குள்ளிருந்து வந்த கூச்சல் மேளத்தில் அமுங்கிப்போனது. சக்கரம் கோணிக்கொண்டு குழிக்குள் இறங்கியது.

(பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. குனிந்து பார்க்காத மனுஷன் மேல்தான்.)

3

இப்போது அந்தக் குழிக்கு மேல் கண்ணாடி. உள்ளே விளக்கு, காக்கிச் சட்டை போட்ட பொம்மை. சிரிக்கிறது. அடப்பாவிகளா!

எலியேசரின் மனைவி மரியபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவரைச் சாந்தமான விதவையாக எழுதலாமென்று... வாயைத் திறந்தார், அந்த யோசனை போயே போய்விட்டது.

"எம் புருஷன் உசுரு போன எடத்துல நின்னு போட்டோ புடிக்கிறானுங்க! அந்தப் பொம்மைய எடுக்கச் சொல்லுங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

வைஷாலியிடம் போனேன்.

"அதுதான் சார் நம்ம செல்ஃபி பாயிண்ட்டு. டிரஸ்டீஸ் ஒத்துக்க மாட்டாங்க."

"அங்க ஒரு மனுஷன் செத்திருக்காரும்மா!"

"அதை எழுதிடாதீங்க சார், ப்ளீஸ். வர்றவங்களுக்கு மூட் அவுட் ஆயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

4

முடிவு அ: பொம்மையை எடுத்துவிட்டு எலியேசரின் பெயரைப் பொறித்தார்கள். (பொய். எழுதவே கூசுகிறது.)

முடிவு ஆ: மரியபுஷ்பம் ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியை... (கை துறுதுறுக்கிறது. ஆனால் போலீஸ் அந்த அம்மாவைத்தானே பிடிக்கும்?)

5

இன்று ஆயுதபூஜை. அதே காரைக் குழிக்குப் பின்னால் நிறுத்தி, சக்கரங்களுக்குப் பழம் வைத்திருக்கிறார்கள். மரியபுஷ்பம் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, காருக்கு முன்னால், கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். பொம்மையை எடுத்தால்தான் எழுந்திருப்பாராம்.

"ஏய் அஜ்ஜி, ஏளு! எந்திரி!" என்கிறான் செக்யூரிட்டி.

"ஏறி மிதிச்சிட்டுப் போங்கடா!"

மேளம் தொடங்கிவிட்டது. இதற்குமேல் ஒரு வரிகூட எழுத மாட்டேன். அவர் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். இந்த வருஷம் காரை நகர்த்தும் கௌரவம் பார்வையாளர் ஒருவருக்காம். வைஷாலி சாவியை உங்களிடம்தான் நீட்டுகிறாள்.