பேரம் பேசி வாங்கிய உயரம்

சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கிற வகை, மலாய் நாட்டுப் பணத்தில் இருபத்தேழு வெள்ளி. பெண்டாட்டி இல்லாத வீட்டின் விலை அவ்வளவுதான் என்று நாகையா கணக்குப் போட்டுப் பார்த்தான். கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு எடுப்பதாக அண்ணனிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் நாகையாவுக்கு ஒரு துணிக்கடை. எதிராளி சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொள்வது குலத்துக்கே இழுக்கு என்று வளர்க்கப்பட்டவன். வைத்தியர் மூன்று வேளை மருந்து என்றால், இரண்டு வேளை போதாதா என்று கேட்கிற வம்சம்.

அவன் மனைவி தனலெட்சுமிக்கு மாசி மாதத்திலிருந்து முதுகுவலி. நிற்பாள், நடப்பாள். குனிந்தால் மட்டும் இடுப்பில் ஆணி இறக்கினாற்போல அப்படியே நின்றுவிடுவாள். வீட்டு வேலையோ முக்கால்வாசி தரையில்தான் கிடந்தது. அடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், ஆட்டுக்கல் தரையில்.

அவள் முனகவில்லை, சமாளித்தாள். துடைப்பத்தை நீளக் கம்பில் கட்டினாள். முறத்தை ஜன்னல் கட்டையில் வைத்துக் கல் பொறுக்கினாள். கைதவறி விழுந்ததையெல்லாம் காலால் தள்ளிச் சமையலறை மூலையில் சேர்த்தாள். கடையை அடைத்துவிட்டு வருகிற நாகையாவுக்கு அந்த மூலையைப் பார்த்தால் போதும், அன்றைய வலி தெரிந்துவிடும். ஒரு கரண்டி மட்டும் என்றால் நல்ல நாள். கரண்டி, கத்தரிக்காய், புளி உருண்டை, அவள் தலையில் வைத்த பூ என்று குவிந்திருந்தால் கெட்ட நாள். ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் பொறுக்கி மேலே வைப்பான்.

கப்பல் விஷயத்தை அன்று சாப்பிடும்போது சொன்னான்.

"ஊருக்குப் போயி ஆறு மாசம் ஒங்க அம்மா வீட்டுல படுத்திரு தனம். சரியாயிடும்னு அண்ணன் சொல்றாரு."

"அங்க கீழ விழுந்தத யாரு எனக்குப் பொறுக்கி வைப்பா?"

நாகையா சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவள் கவனித்ததில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"எனக்குப் போக வேணாங்க" என்றாள் தனலெட்சுமி. "பேசி முடிச்சுக்குவோம். அடுப்ப மேல தூக்கி வச்சுக் குடுங்க. சீனவங்க வூட்டுல நின்னுக்கிட்டுத்தானே சமைக்கிறாங்க? நின்னு செய்யுற வேலையெல்லாம் என்னுது, குனியுற வேலையெல்லாம் ஒங்களுது. வியாழக்கிழமைக்குள்ள வலியில்லாம ஒரு நேரம் சோறாக்கிட்டேன்னா சீட்டு எடுக்கக் கூடாது."

"முடியலேன்னா?"

"வாய மூடிக்கிட்டுக் கப்பல் ஏறிடறேன்."

புதன்கிழமை அடுப்புக்கு மேடை செய்யச் சீனத் தச்சரிடம் போனான். அவள் இடுப்பு எதுவரை வரும் என்று தன் உடம்பில் கை வைத்துக் காட்டினான். தச்சர் கோலால் அளந்தார்.

"டுவா ஸ்தெங்கா காக்கி" என்றார். மலாயில் இரண்டரை அடி.

"டுவா!" என்று இரண்டடிக்கு இறக்கினான் நாகையா. வாய் தானாகப் பேசிவிட்டது.

தச்சர் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "போலே", ஆகட்டும் என்று சொல்லிப் பலகையில் கோடு கிழித்தார். இவ்வளவு சீக்கிரம் படிந்த ஆளை நாகையா அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தெம்பில் கூலியிலும் ஒரு வெள்ளியைக் குறைத்தான். இரட்டை வெற்றியோடு மேடையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பொழுது சாய்வதற்குள் மேலே களிமண் பூசி அடுப்பைப் பதித்தாயிற்று.

வியாழன் காலை தனலெட்சுமி அதன் முன்னால் போய் நின்றாள். உலை வைக்கக் குனிந்தாள். "அம்மா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு மாரியாயி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே இது? அடுப்பா, கோழி ஏறுற படியா?"

"தச்சன் ஏமாத்திட்டான் லா!" என்றான் நாகையா.

"எத்தன அடின்னாரு அந்தத் தச்சரு?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

நாகையா விழித்தான். "ரெண்டரை."

"நீங்க?"

நாகையா இரண்டு விரலைக் காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடியே சிரித்தாள். சிரிப்பு இடுப்பில் வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "ஐயோ, உசரத்தயுமா கொறச்சுக் கேட்டீங்க!"

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என் பெட்டிய எடுத்து வைங்க. எனக்குக் குனிய முடியாது" என்றாள்.

நாகையா பெட்டியை எடுக்கவில்லை, சட்டையை எடுத்தான். நேரே செங்கல் சூளைக்குப் போனான். மேடையின் காலுக்கு இரண்டாக எட்டுக் கல் வேண்டும். சூளைக்காரர் ஒரு விலை சொன்னார். நாகையா அதை அப்படியே கொடுத்தான். அவன் பேரம் தெரிந்த சூளைக்காரர் சந்தேகப்பட்டுக் காசைக் கல்லில் தட்டிப் பார்த்தார்.

கல்லைத் தலையில் சுமந்து வந்து, மாரியாயியின் புருஷனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, மேடையைத் தூக்கி நிறுத்தினான். அன்று மாலை தனலெட்சுமி நிமிர்ந்து நின்று சோறாக்கினாள், ரசம் வைத்தாள். மூலையில் ஒரு கரண்டி மட்டும் கிடந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் போயிற்று. அந்த நேரத்தில் நாகையா தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தான்.

"வாசல் ஒண்ணு பாக்கியிருக்கு" என்றாள் தனலெட்சுமி அடுப்படியிலிருந்து. "கோலம் போட்டு ரெண்டு மாசமாச்சு. அதுவும் குனியுற வேலைதான்."

"ஆம்பள கோலம் போட்டா மாரியாயி சும்மா விடுவாளா?"

"விடிய முன்னாடி போடுங்க. நான் நின்னு சொல்றேன். ஒம்பது புள்ளி."

"மூணு."

"ஏழு."

"அஞ்சு. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

மறுநாள் விடியலில் கோணல்மாணலாக ஒரு கோலம் வாசலில் விழுந்தது. தண்ணீர், மாவு, துணி, வாசல் அவன் பக்கம். அடுப்பும் சிரிப்பும் அவள் பக்கம். கோலத்தில் வரவு ஐந்து புள்ளி, பாக்கி நான்கு.