சேம்பிலை பறித்தவள்

தவேயுனித் தீவில் மூன்று பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பண்ணை இருந்தது. வியாழக்கிழமை தோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே போவார்கள். ஆளுக்குப் பத்துச் சேம்பு. நட்டு, களை பிடுங்கி, கடைசியில் கிழங்கு தோண்டி நிறுக்க வேண்டும்.

மிலியானாவின் அப்பா நியூசிலாந்துக்குக் கிழங்கு அனுப்புகிற விவசாயி. அதனால் குழியின் ஆழத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். நாட்டின் தலைநகர் சுவாவிலிருந்து தலேய் என்ற புதுப் பெண் வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

தலேய் மண்ணையே தொட்டதில்லை. முதல் நாள் கன்றைத் தலைகீழாக நட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் மிலியானாவின் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோரும் தலேயைச் சுற்றி. "கத்துக்கணும்னு ஆசைப்படறா பாரு, அது போதும்" என்று பண்ணையைப் பார்த்துக்கொண்ட செமி மாஸ்டர் வேறு சொன்னார். இத்தனை வருஷத்தில் மிலியானாவைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாம் மாதம் தலேய் வந்து கேட்டாள்.

"மிலியானா, இந்த இலையப் பறிச்சு சமைக்கலாமாடி? செடிக்கு ஒண்ணும் ஆகாதே?"

எப்போதாவது ஓர் இலை பறிக்கலாம், அதற்கு மேல் பறித்தால் கிழங்கு வைக்காது என்பது மிலியானாவுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும்.

"தாராளமா பறி. பறிக்கப் பறிக்கத்தான் கிழங்கு பெருக்கும்" என்றாள்.

அதன்பின் வாராவாரம் தலேய் கை நிறைய இலை பறித்தாள். அது பள்ளி விடுதிச் சமையல்கட்டில் தேங்காய்ப்பாலில் வெந்து வந்தது. மூன்று பள்ளிப் பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"உனக்கு வேண்டாமா?" என்று கேட்டாள் பண்ணையில் பக்கத்து வரிசைக்காரியான ஆசேனி.

"தொண்டை அரிக்கும்" என்று மிலியானா எழுந்து போனாள்.

அவள் செய்த கெடுதல் தலேய்க்கே பெருமையாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் தலேயின் செடிகள் தண்டு மெலிந்து நிற்பதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்தது.

அறுவடையன்று மிலியானாவின் கிழங்குகளைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. தலேயின் பத்தும் கைப்பிடிக்குள் அடங்கின.

"இலைய இப்படி மொட்டையடிச்சா என்ன கிழங்கு வைக்கும்? யார் சொன்னாங்க உனக்கு?" என்றார் மாஸ்டர்.

"மிலியானாதான் மாஸ்டர். பறிச்சா பெருக்கும்னா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொன்ன. நான் பக்கத்துலதான் களை பிடுங்கிட்டிருந்தேன். ஏதோ விளையாட்டுக்குச் சொல்றன்னு நெனச்சேன்" என்றாள் ஆசேனி.

மாஸ்டர் திட்டவில்லை. எடையில் மிலியானாவே முதல் என்று பேரேட்டில் எழுதிவிட்டு, அவளைப் பார்க்காமல் நகர்ந்தார். ஒருத்தரும் கை தட்டவில்லை.

குழாயடியில் தலேய் அவளை மறித்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் உங்கிட்டயே வந்தாங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. சிரிக்கலன்னா யாருடி பேசியிருப்பாங்க?" கையைக் கழுவிக்கொண்டு தலேய் போய்விட்டாள்.

அடுத்த வியாழன், பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே மிலியானா தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு தன் செடிகளின் பக்கக்கன்றுகளில் தடித்த பத்தைப் பொறுக்கி, தலேயின் பாத்தி ஓரத்தில் வைத்தாள். தலேய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஆறை எடுத்து நட்டாள். மீதிக்கு ஆசேனியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளும் தலேயிடம்தான் போனார்கள். குழி எவ்வளவு ஆழம் என்று அவளையே கேட்டார்கள். அவளும் சரியாகவே சொன்னாள். மிலியானாவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. வாயைத் திறக்காமல் தன் வரிசைக் களையைப் பிடுங்கினாள்.