சைரன் அடிக்காத காலை

மீனை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில், பாதுகாப்பு அதிகாரிக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் விசில். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் ஒருத்தி கூடத்துக்குள் கால் வைத்தால் போதும், கழுத்தில் தொங்குவதை எடுத்து ஊதிவிடுவாள். முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால், "விசில் வருது, காலைப் பாத்துக்கோ!" அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அக்காவின் கணவர், அங்கே மேனேஜர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் அவர்தான். எல்லார் முன்னாலும் அவரை 'சார்' என்பாள். தனியாக இருந்தால் 'அத்தான்'.

அந்த வாரம் முழுக்க சைரன் ஓயவில்லை. குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அமோனியா. துளி கசிந்தாலும் கூரையில் இருக்கும் டிடெக்டர் மோப்பம் பிடித்து சைரனை அலற வைக்கும். அலறும்போதெல்லாம் கையில் கத்தியும் மீனுமாகப் பெண்கள் முற்றத்துக்கு ஓடினார்கள். மெக்கானிக் உள்ளே போய்த் தேடிவிட்டு, ஒன்றும் அகப்படவில்லை என்று கையை விரித்தார். எல்லாரும் திரும்பினார்கள். துறைமுகத்தில் சரக்குக்காகக் கப்பல் காத்திருந்தது.

ஒரு காலை அவள் வந்தபோது, மேனேஜரே ஏணியில் ஏறி நின்று சைரனின் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் ஏணி வழுக்கியது. யோசிக்காமல் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை வந்த," என்றார் மேலிருந்து. "டிடெக்டர் கெட்டுப்போச்சும்மா. சும்மா சும்மா கத்துது. கப்பல் போகட்டும், மாட்டிடலாம்."

"டிடெக்டர்தான் கெட்டிருக்குன்னு எப்படித் தெரியும் அத்தான்?"

"வேற என்னவா இருக்கும்?"

அவர் இறங்கும்வரை ஏணியை விடவில்லை.

ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. கூடத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் ஆள் ஒடுங்கித்தான் நுழைய முடிகிற ஒரு சந்து. அதில் மெக்கானிக்கோடு புகுந்து, பெரிய குழாயைச் சுற்றியிருந்த தெர்மோகோலைப் பிய்த்துப் பார்த்தாள். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மெக்கானிக் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "தொடாதீங்க மேடம்," என்றார் மெதுவாக. கண் எரிந்தது.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நிறுத்தணும். இப்பவே."

"நிறுத்தி?"

"சந்துல குழாய் இத்துப்போயிருக்கு. வாயுவை எடுத்துட்டு மாத்தணும்."

"அதுவரைக்கும் கிடங்குல இருக்கிற சரக்கு? நாறிப்போகும். கப்பல்காரன் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். முதலாளி கதவைச் சாத்திட்டுப் போயிடுவார். உள்ள நிக்கிற பொம்பளைங்க வீட்டுல உலை வைக்கிறது நீயா?"

அன்று காலைதான் தலைவாசலில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "மூடிடாதீங்க மேடம், மகளுக்கு இப்பதான் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு," என்றிருந்தாள்.

"சரி," என்றாள் விசில், கோபத்தில். "அவ்வளவு நம்பிக்கைன்னா அக்காவை அந்தக் குழாய்ப் பக்கத்துல உட்கார வைப்பீங்களா?"

அத்தான் அவளை ஒரு கணம் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்தார். "கிளம்பி வா. இன்னிக்கு ஆள் பத்தலை. பேக்கிங்ல கொஞ்சம் கை கொடு."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தான் சொல்வதை அவர் நிஜமாகவே நம்பினார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அக்கா வந்தாள். வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக, ஏதோ விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு, குழாய் ஓடும் அந்தச் சந்துக்குப் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்தாள். மேனேஜர் வீட்டம்மாவே வந்துவிட்டாள் என்றதும் மற்ற பெண்களுக்கு நிம்மதி. பேச்சும் கேலியும் கிளம்பின.

"அக்கா, வெளிய வா," என்றாள் விசில் காதோரம். "பக்கத்துக் குழாய் இத்துப் போயிருக்கு."

"அவர் பார்த்துட்டார்னு சொன்னாரேடி."

"அவர் பார்க்கவே இல்ல."

"நீ சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி." அக்கா ஒரு மீனைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் பார்க்கிறாங்க. அவர் மானத்தை வாங்கிடாத."

விசில் நிமிர்ந்து பார்த்தாள். பெண்கள் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி இருமினாள். அவர்களுக்கு அந்த வாடை பழகிவிட்டிருந்தது. தனக்கும் பழகிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விசிலை எடுத்து, மூச்சு முட்டும்வரை ஊதினாள்.

எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டினாள். அக்காவைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள். பிறகு இயந்திர அறைக்குப் போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வருஷக்கணக்காகக் காதில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது.

முற்றத்தில் அவளைத் திட்டாத வாய் இல்லை. "நீங்க மாசச் சம்பளக்காரி, உங்களுக்கென்ன!" மேனேஜர் சுவரைப் பார்த்து நின்றார். வெயில் ஏறியது. வால்வுகளை மூடி வருவதாகச் சொல்லி, முகமூடியை மாட்டிக்கொண்டு மெக்கானிக் உள்ளே போனார்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. கனத்த துணியைக் கிழிப்பது மாதிரி ஓர் ஓசை. பிறகு கூடத்துக் கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. திட்டிக்கொண்டிருந்த வாய்கள் அடைத்துப்போயின. "ஓடுங்க! காத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடுங்க!" என்று கத்தினாள் விசில். மெக்கானிக் தவழ்ந்தபடி வெளியே வந்து விழுந்தார். முகமூடி ஒரு பக்கம் நழுவியிருந்தது.

அவர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தான் அவளிடம் வந்தார். "ஓடிட்டிருந்தவரைக்கும் ஒண்ணும் ஆகலை. நீ நிறுத்தினே, குளிர் குறைஞ்சுது, உள்ள அழுத்தம் ஏறிச்சு, குழாய் தாங்கலை. அந்தாளு கண்ணு உன் கணக்குலதான்."

அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் கூடத்தில் ஆள் இருக்கும்போதே அது வெடித்திருக்கும் என்பதை நிரூபிக்கவும் வழியில்லை.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வருவதற்கு முன்னாலேயே சைரனில் ஒயர் மாட்டப்பட்டிருந்தது. அக்கா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "சைரன் அடிச்சுதுன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. உன்னைப் படிக்க வச்ச மனுஷன்டி."

"உன்னை அந்தக் குழாய்க்குப் பக்கத்துல உட்கார வச்ச மனுஷனும் அவர்தான்."

அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

"அன்னைக்கு சைரன் அடிச்சுதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. காலையிலேயே கழட்டிட்டாங்க."

"யாரு?"

"மேனேஜர். நான்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவளுக்கும் அத்தானுக்கும் வேலை போயிற்று. அத்தான் மேல் வழக்குப் பதிவாகி, ஜாமீனில் வந்தார். அக்கா அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். விசில் வாரா வாரம் மெக்கானிக்கைப் பார்க்கப் போனாள். அவர் ஒரு நாளும் அவளைக் குறை சொல்லவில்லை, குறை இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு கூரியர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

மழைக்காலத்தில் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் யாரோ "மேடம்!" என்றார்கள். பழைய பேக்கிங் பெண் ஒருத்தி. முதலாளி ஊருக்கு வெளியே புதுத் தொழிற்சாலை திறந்துவிட்டாராம். பழைய ஆட்களையே கூப்பிட்டுக்கொண்டாராம். இன்றைக்கு இரவு ஷிப்டாம்.

"மேனேஜர் யாரு?"

"நம்ம சார்தான். காகிதத்துல பேரு வேற யாரோடதோ, ஆனா எல்லாம் அவர்தான். சார் வீட்டம்மாகூட வர்றாங்க பேக்கிங்குக்கு." அவள் குடையை மடக்கியபடி சிரித்தாள். "அங்க நிம்மதி மேடம். சைரன் தொந்தரவே இல்ல."

"இயந்திரம், குழாயெல்லாம் புதுசா?"

"பளபளன்னு இருக்கு. இப்பதான் பெயிண்ட் அடிச்சாங்க."

பஸ் வந்தது. அந்தப் பெண் கையசைத்துவிட்டு ஏறினாள். விசில் போக வேண்டியது எதிர்த் திசையில். பஸ் நகரத் தொடங்கியதும், ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டாள்.