துத்தம் போடாத பசை

வலது கட்டைவிரலின் அடிமூட்டில் பிடித்த வலி முழங்கைவரை ஏறியிருந்தது. நாள் முழுக்கக் காகிதம் மடித்த கை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தூக்கினால் நழுவியது. பைண்டிங் பட்டறையில் எல்லோருக்கும் இதே கதிதான். மைதாவைக் கிண்டிப் பசை காய்ச்சுவதும் அவள் வேலை என்பதால் அவளைப் ‘பசை’ என்றே கூப்பிட்டார்கள்.

கையை உதறிவிட்டு நோட்டை எடுத்தாள். பட்டறையில் வெட்டி எறிந்த துண்டுக் காகிதங்களைச் சேர்த்து அவளே தைத்தது. ஊரார் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டவளுக்குச் சொந்தமென்று அது ஒன்றுதான். உள்ளே ஒட்டியிருந்தவை: சினிமா டிக்கெட், புருஷன் மூட்டை தூக்கிய காலத்துச் சட்டையின் பை, ஆஸ்பத்திரியில் அவன் கையில் கட்டிய காகிதப் பெயர்ப்பட்டை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. நாயாய் உழைத்துத் தீர்த்த வருஷங்களிலும் சிரிக்கிற மாதிரி நாலு விஷயம் இருந்தது என்பது, எழுத உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

மூட்டையோடு சரிந்து தலையில் அடிபட்டதிலிருந்து புருஷனுக்கு அவள் யாரென்று பிடிபடாது. நோட்டைப் புரட்டினால் மட்டும் பிடிபடும்.

“இது யாரு சட்டைப் பை?”

“உங்களதுதான்.”

“கிழிஞ்சிருக்கே. பொண்டாட்டி தைக்க மாட்டாளா?”

“சோம்பேறி வந்து வாச்சா என்ன பண்றது.”

டிக்கெட்டில் அவன் விரல் நிற்கும். “படத்துல நான் தூங்கிட்டேன். நீ தொடையில கிள்ளின.”

“குறட்டை விட்டா கிள்ளாம கொஞ்சுவாங்களா?”

அப்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவான். அதனால் வீட்டுப் பசையில் அவள் மயில்துத்தம் போடவில்லை. பூச்சி அரிக்காமலிருக்கப் பட்டறையில் ஒவ்வொரு சட்டியிலும் போடுகிற விஷம் அது. தினமும் புரட்டுகிற நோட்டில் பூச்சி எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

மழை பிடித்த வாரம் பட்டறையில் பள்ளிக்கூட நோட்டு வேலை குவிந்தது. வீடு வந்தால் விழுந்து படுக்கத்தான் தெம்பு. வேலை ஓய்ந்து கட்டிலுக்கடியிலிருந்து நோட்டை இழுத்தபோது கரப்பான்கள் சிதறி ஓடின. பசை பட்ட இடமெல்லாம் தின்றிருந்தன. டிக்கெட்டும் பெயர்ப்பட்டையும் போயிருந்தன. எழுத்து பாதிக்குமேல் இல்லை. துணி என்பதால் சட்டைப் பை மட்டும் தப்பியிருந்தது.

“நல்லாக் கொழுத்திருக்கு” என்றான் அவன், கரப்பானைப் பார்த்து. “இது யாரு வீடும்மா?”

பட்டறையில் புத்தகம் தைக்கிற அக்காவிடம் சொன்னாள்.

“துத்தம் போடலையா? பசை காய்ச்சுறவளே நீதானடி.”

“அவரு எச்சில் தொடுறாருக்கா.”

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். “புதுசா ஒண்ணு பண்ணு. ரெண்டு ஞாயிறு இங்க உன் வேலை முறையை நான் பாக்கறேன். அப்புறம் நீ வந்து என் முறையைப் பாத்துடணும். எனக்கும் முட்டி வலின்னு ஒண்ணு இருக்கு.”

இரண்டு ஞாயிறும் உட்கார்ந்து செய்தாள். அதே நிறத்துக் காகிதத்தை டிக்கெட் அளவுக்கு வெட்டி ஒட்டினாள். வரிகளை நினைவிலிருந்து எழுதினாள்.

அவன் காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “இது டிக்கெட் இல்ல. யார ஏமாத்தற?”

சட்டைப் பையைத் தடவினான். “நல்ல துணி. யாருதும்மா?”

“எங்க வீட்டுக்காரரது.”

“வேலைக்குப் போயிருக்காரா?”

“ஆமா.”

“மழையில மூட்டை தூக்கறது கஷ்டம்” என்றான்.

அதையும் எழுதி வைத்தாள். இனி படிக்க அவள் ஒருத்திதான். எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு வரியும் சிரிப்பு மூட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினாள். அக்காவுக்கு இரண்டு ஞாயிறு வேலை பாக்கி.