ஒரு பஸ், ஒரு நேயர்

மேனேஜ்மென்ட் டிகிரி அப்ரண்டிஸ் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கியே எனக்கு வாய் வலித்துப்போனது. வாரத்தில் நான்கு நாள் கம்பெனியில் வேலை, ஒரு நாள் கல்லூரியில் பாடம். படிப்புச் செலவு கம்பெனியுடையது. கம்பெனி வைத்துக்கொண்டிருக்கும்வரைதான் நான் மாணவி. அது கைகழுவிவிட்டால் டிகிரியும் அதோடு சரி. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் பட்டர்வொர்த்தில் கோவில் பூசை முடிந்து வெளியே வரும்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க ஷேரன் மேனேஜருக்குப் படிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

கம்பெனி பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. போனில் ஆப்பைத் திறந்து கேட்கிற வானொலி. மலாய், சீனம், தமிழ் என்று மூன்று அலைவரிசை. தமிழ்ப் பிரிவு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. காலை நிகழ்ச்சி செய்கிற யுகேந்திரன் அண்ணன், ஒரு மைக், குளிர விரும்பாத ஒரு ஏசி, அப்புறம் நான். பாட்டு வரிசை போடுவது, நேயர்கள் அனுப்பும் குரல் செய்திகளைப் பிரிப்பது, பிறந்தநாள் வாழ்த்தையும் மரண அறிவிப்பையும் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. மேனேஜ்மென்ட் புத்தகத்தில் இதற்கெல்லாம் அத்தியாயம் கிடையாது.

இறுதியாண்டு தொடங்கியதும் ஹைக்கல் என்னைக் கூப்பிட்டார். நேயர் எண்ணிக்கையைக் கவனிக்கிற மேலாளர் அவர். கம்பெனியில் என் பயிற்சிக்கும் அவர்தான் பொறுப்பு. ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேசுவார். நல்ல மனுஷன், அதுதான் கொடுமையே. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"தமிழ் அலையை யாரும் கேட்கவில்லை, ஷேரன். இந்தக் காலாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் மூடிவிடுவார்கள். அதை ஏற்றுவதையே உன் இறுதி ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்" என்றார்.

"மூடினால் நான்?"

"உன் இடம் தமிழ்ப் பிரிவில்தானே இருக்கிறது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மீதி புரிந்தது.

யாரும் கேட்கவில்லையாம். எனக்கு வந்த கடுப்புக்கு அளவே இல்லை. பாசாருக்குப் போனால் மீன்காரர் யுகேந்திரன் அண்ணனைப் போலவே வணக்கம் சொல்கிறார். தீவுக்குப் போகும் ஃபெரியில் என் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, "யுகேந்திரன் நெசமாவே அவ்ளோ குண்டா?" என்று கேட்கிறார்கள். இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் போனார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது.

சுங்கை பாக்காப்பிலிருந்து ருக்குமணி என்று ஓர் அக்கா தினமும் குரல் செய்தி அனுப்புவார். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். பின்னால் எப்போதும் ஒரே கூச்சலாக இருக்கும். "கிலாங் பஸ்ல இருக்கோம், எல்லாரும் வணக்கம் சொல்றாங்க" என்பார். அவரிடம் பேசி, ஒருநாள் விடிகாலையில் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் அந்தக் கிலாங் பஸ்ஸில் நானும் ஏறினேன்.

ஏறிய உடனே விஷயம் விளங்கிவிட்டது. ஓட்டுநர் ஷேக் அலாவுதீன் அண்ணன் தன் போனைப் பஸ்ஸின் ஸ்பீக்கரோடு மாட்டிவைத்திருந்தார். பஸ் முழுக்க யுகேந்திரன் அண்ணனின் குரல். அவர் விடுகதை போட்டால் பின்சீட்டிலிருந்து விடை பறக்கிறது. தப்பாகச் சொன்னவரை மற்றவர்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறார்கள். மரண அறிவிப்பு வந்ததும் அத்தனை பேரும் கப்பென்று அடங்கிவிடுகிறார்கள். ஒரு பஸ் ஜனம் கேட்கிறது. ஹைக்கலின் கம்ப்யூட்டரில் அது ஒரே ஒரு நேயர்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேம்பாலத்தை நெருங்கும்போதே ருக்குமணி அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, ஒரு ஒதவி. இனிமே ஆளாளுக்கு அவங்கவங்க போன்ல ஆப்ப தொறந்து கேக்கணும். இல்லன்னா நிகழ்ச்சிய மூடிருவாங்க."

"மூடுறதா? யாரு லா அவன்?"

"எண்ணிக்க இல்லையாம்க்கா. நிகழ்ச்சி போச்சுன்னா என் டிகிரியும் போச்சு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தங்கச்சி படிப்பு நம்ம கையிலதான் இருக்கு. போன வெளிய எடுங்க."

மூன்று வருடம் தலைமைத்துவம் என்று ஒரு பாடம் படித்தேன். அதில் இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

எண்ணிக்கை ஏறியது. அடுத்த வாரம் இன்னொரு பஸ் சேர்ந்தது, அதற்கடுத்து இன்னும் சில. எல்லாம் அக்காவின் ஏற்பாடு. "ஒக்கே ஆச்சா, போதுமா?" என்று எனக்குச் செய்தி வரும். நான் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று யுகேந்திரன் அண்ணனுக்குக் கட்டைவிரலைக் காட்டுவேன். அவர் பாட்டைப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கி ஆடுவார். படிப்பு முடிந்ததும் எனக்கு எக்ஸிகியூட்டிவ் வேலை என்று நான் மனதுக்குள் மேசை நாற்காலி கூடப் போட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலாண்டுக் கூட்டத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து இயக்குநர் அம்மையார் வந்திருந்தார். நான் என் ஸ்லைடுகளைக் காட்டி முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. ஹைக்கல் என்னைப் பார்க்காமல் தன் லேப்டாப்பைத் திரையோடு இணைத்தார்.

"புதிதாக வந்த நேயர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூடுகிறார்கள். ஒரே இடத்தில் இருக்கிறார்கள், கூட்டமாக நகர்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. இவர்கள் போனில் சத்தம் பூஜ்யம்."

"அப்படி இருக்க முடியாது" என்றேன்.

"பூஜ்யம், ஷேரன். யாரும் கேட்கவில்லை. சிஸ்டம் இதைப் போலி நேயர்கள் என்று குறித்துவிட்டது."

போலி நேயர்கள் பற்றிக் கல்லூரியில் பரீட்சையே எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண். காசு கொடுத்து நூற்றுக்கணக்கான போன்களை ஓரிடத்தில் ஓடவிட்டு எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது. ஒரு நிமிடம் என்று கேட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். தொழிற்சாலையில் மக்கான் நேரம், சாப்பாட்டு இடைவேளை. அக்கா உடனே போனை எடுத்தார்.

"அக்கா, பஸ்ல எல்லாரும் சத்தம் வச்சுத்தானே கேக்குறாங்க?"

"அது எப்படி லா முடியும்? மொத நாளு வச்சுப் பார்த்தோம். ஒரே கலாட்டா. ஒரு போன்ல அவரு வணக்கம் சொல்லி முடிச்சிட்டாரு, இன்னொன்னுல இப்பதான் வாயத் தொறக்குறாரு. ஒன்னும் வெளங்கல. அதான் நான் சொல்லிட்டேன், எல்லாரும் தொறந்து வைங்க, சத்தத்த மட்டும் சுத்தமா கொறைங்க, அலாவுதீன் அண்ணே ஸ்பீக்கர்ல கேட்டுக்கலாம்னு. ஒருத்தர்கூட மாத்தல, நானே நடந்து போய் ஒவ்வொரு போனா பாக்குறேன். ஏன், தப்பா?"

"இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்."

உள்ளே போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். பஸ், ஸ்பீக்கர், பின்சீட்டு விடுகதை எல்லாவற்றையும். நாளைக்கே என்னோடு வந்து பாருங்கள் என்றுகூடக் கூப்பிட்டேன். இயக்குநர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ சொல்லித்தான் அவர்கள் திறந்தார்களா?"

"ஆமாம்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் ஹைக்கல் என்னைப் பிடித்து நிறுத்தினார். "உன்னை நான் நம்புகிறேன். அந்தப் பஸ்ஸையும் நம்புகிறேன். ஆனால் விளம்பரம் கொடுக்கிறவன் பஸ்ஸில் வந்து பார்க்கமாட்டான், இந்தத் திரையைத்தான் பார்ப்பான். இதற்குப் பிறகு தமிழ் அலையின் எந்த எண்ணிக்கையையும் யாரும் நம்பமாட்டார்கள்" என்றார்.

அதாவது, நான் தொடாமல் விட்டிருந்தால் குறைந்த எண்ணிக்கையாவது மிஞ்சியிருக்கும். நான் தொட்டதில் அதுவும் பொய்யாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்தப்போகிறார்கள் என்று யுகேந்திரன் அண்ணனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சரி, விடு லா. எனக்கு வயசாச்சு, கல்யாண வீட்டுல மைக் புடிச்சாவது ஓட்டிருவேன். ஒனக்கு என்னா சொன்னாங்க?"

"வேற மீடியா கம்பெனி எடுத்துக்கிட்டா கல்லூரி தொடர விடுமாம்."

"பினாங்குல யாரு இருக்கா?"

"யாரும் இல்லண்ணே."

கோலாலம்பூரில் மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஓரிடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. போலி எண்ணிக்கை விவகாரம் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கி எழுதினேன். அதற்குப் பிறகு அங்கிருந்தும் பேச்சுமூச்சு இல்லை.

தமிழ் அலையை அவர்கள் அடியோடு நிறுத்திவிடவில்லை. ஆள் பேச்சு இல்லாமல், கம்ப்யூட்டர் தானாகப் பாட்டுப் போடும்படி செய்துவிட்டார்கள். பாட்டுகளுக்கான உரிம ஒப்பந்தம் முடிகிறவரை அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அதன் எண்ணிக்கையைப் பார்க்கப்போவதில்லை.

கம்பெனி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபெரிக்கு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ருக்குமணி அக்கா கூப்பிட்டார். பின்னால் பஸ் சத்தம்.

"என்னா தங்கச்சி, யுகேந்திரன் லீவா? வெறும் பாட்டாவே ஓடுது."

"ஆமாக்கா, லீவு."

"அதான பார்த்தேன். நீ கவலப்படாத, ஆளு இல்லன்னாலும் நாங்க மூடல. இப்ப வேல முடிஞ்சு திரும்பும்போதும் தொறந்து வைக்கிறோம். டேட்டா முடிஞ்சவங்களுக்குப் பக்கத்துல இருக்குறவங்க ஹாட்ஸ்பாட் குடுக்குறாங்க. போதும்ல? ஒனக்கு டிகிரி குடுத்துருவாங்கல்ல?"

"குடுத்துருவாங்கக்கா."

"இரு, எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏதோ சத்தமாகச் சொன்னார். அத்தனை பேரும் கைதட்டுவது எனக்குக் கேட்டது. ஆப்பை மூடிவிடுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.